ஆறரை அங்குலம்

காலை ஆறு மணிக்குத் தோட்டத்து முள்வேலிக் கதவு திறந்தது. ஆறேகாலுக்குப் பெரியநாயகி அவசரகாலச் சோதனை வரிசையில் ஏழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். கக்கத்தில் ஒரு துணிமூட்டை, பக்கத்தில் மகள் சாந்தி, மனசில் ஏழு மணி மலாக்கா பஸ். அதை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அதில் போய் இறங்கினால் போட்டி முடிந்து நாற்காலிகளை மடித்து வைத்திருப்பார்கள்.

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

மலாக்காவில் மாதர் சங்கம் புதிதாக ஒரு தையல் நிலையம் திறக்கிறது. சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும். சம்பளத்தோடு இரண்டு அறை வீடும் உண்டு. மனுப்போட்டவர்களில் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொண்டு வரச் சொன்னார்கள். ஆறடி நீளம், நாலடி அகலம். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்டுக்கு. கூடவே கத்திரியும் அளவுகோலும் எடுத்து வர வேண்டும், கண்ணெதிரில் வெட்டிக் காட்ட வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

பெரியநாயகி லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அவளுக்கு இந்த வேலை எதற்கு என்றால், சாந்திக்காக. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிகிறது. சாந்திக்கு இது ஆறாம் வகுப்பு. வீடு மலாக்காவுக்குப் போனால் அவள் ஏழாம் வகுப்புக்குப் போவாள். போகாவிட்டால் வருகிற ஜனவரியில் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பெயர் பதிந்து, விடியற்காலையில் அம்மாவின் பின்னால் பால் வடியும் மங்கு துடைக்கப் போவாள். பிள்ளையின் பெயரைக் கொடு என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இந்த மூட்டைக்குள் இருந்தது அந்தப் பிள்ளையின் படிப்பு, வேறொன்றுமில்லை.

போன வாரம் இந்தப் போர்வை அவளை அழ வைத்துவிட்டது. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆகத் தொண்ணூற்றாறு சதுரத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் மிச்சம் சரியாக ஆறு நிற்கும். முதல் துண்டை டேப்பை வைத்துத்தான் அளந்தாள். இரண்டாவதை வெட்ட முதல் துண்டை மேலே வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். மூன்றாவதற்கு இரண்டாவதை வைத்தாள். இப்படியே தொண்ணூற்றாறு வரைக்கும் போனால் என்ன ஆகும்? கோட்டின் தடிமன் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, கடைசி வரிசை முதல் வரிசையைவிட இரண்டு அங்குலம் நீண்டு நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அவள் கணவன் தம்புசாமி மரத்துக்குக் கோடு போடும் மண்டோர். வெட்டு எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு பால்மரத்திலும் ஒரு தகரத்தை வைத்துக் கீறிவிட்டுப் போவான். முதல் மரமானாலும் ஆயிரமாவது மரமானாலும் தகரம் ஒன்றுதான். போன மரத்துக் கோட்டைப் பார்த்து இந்த மரத்துக்குக் கோடு போடுகிற மண்டோர் எந்தத் தோட்டத்திலும் இல்லை. பதினான்கு வருஷமாகத் தினம் பார்க்கிற சங்கதி, துணி விஷயத்தில் மட்டும் எப்படி மறந்துபோனது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தகரம் கிடந்தது. அதில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்தாள். தையலை எல்லாம் பிரித்து, தகரத்தை வைத்துத் தொண்ணூற்றாறு துண்டையும் திரும்பச் சீர் செய்தாள். வளர்ந்த துண்டுகள் என்பதால் பிழைத்தாள், குறைந்த துண்டுகளாக இருந்திருந்தால் இழுத்தா நீட்ட முடியும்? போர்வை அளவுக்கு வந்தது. ஆனால் தம்புசாமி பேசுவதை நிறுத்திவிட்டான்.

அந்தத் தகரம் அவன் தம்பி மருதமுத்துவுடையது. அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கோடு போட்டவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மருதமுத்து வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. காட்டுக்குள், கம்யூனிஸ்ட்காரர்களோடு சேரப் போய்விட்டான் என்றார்கள் சிலர், வேறு ஊருக்கு ஓடிவிட்டான் என்றார்கள் சிலர். அவசரகாலத்தில் இரண்டையும் சத்தமாகச் சொல்ல முடியாது. தம்பி விட்டுப்போனது அந்தத் தகரம் ஒன்றுதான். மூலையில் 'ம.மு.' என்று ஆணியால் கீறியிருந்த எழுத்தைப் பெரியநாயகி பார்த்தபோது வெட்டி முடித்திருந்தாள்.

இன்றோடு நாலு நாள். தம்புசாமி சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான். வாய் மட்டும் திறக்கவில்லை.

"அம்மா, நம்ம முறை" என்றாள் சாந்தி.

சோதனை போடும் பெண் மூட்டையை வாங்கி மேசையில் பிரித்தாள். உள்ளே இருந்து தகரச் சதுரம் நழுவி 'டங்' என்று தரையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் குனிந்து எடுத்தான். ஊருக்குப் புதியவன், நாலு நாளைக்கு முன்புதான் வந்தவன். முன்னும் பின்னும் திருப்பினான். கீறியிருந்த கோடுகளைப் பார்த்தான். எழுத்தைப் பார்த்தான். இது என்ன என்று மலாயில் கேட்டான்.

பெரியநாயகி தனக்குத் தெரிந்த மலாயில், துணி வெட்டுவதற்கு என்றாள். கத்திரியைக் காட்டினாள், போர்வையைக் காட்டினாள். அவன் நம்பவில்லை. துணியைக் கத்திரிதானே வெட்டும், தகரம் எதற்கு என்பது அவன் கேள்வி. அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு பொழுது வேண்டும், பஸ்ஸுக்கு இருந்ததோ இருபத்தைந்து நிமிஷம். தகரத்தை எடுத்துப் பின்னால் இருந்த பெட்டிக்குள் போட்டான். சாயங்காலம் சார்ஜன் வருவார், அவரிடம் கேட்டுக்கொள் என்று கையை ஆட்டிவிட்டான்.

பெரியநாயகி மூட்டையை அவசரமாகக் கட்டினாள். திரும்பிப் பார்த்தாள். பெரட்டுத் திடலின் ஓரத்தில் தம்புசாமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தம்பியின் தகரம் முதலில் துண்டானது, இப்போது போலீஸ் பெட்டிக்குள் போய்விட்டது. எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது என்று இவள் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தாண்டினாள்.

பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. நிம்மதிதான் கிடைக்கவில்லை.

தம்புசாமி மலாக்காவுக்கு வர மறுத்ததற்குக் காரணம் மனைவி சம்பாத்தியம் என்கிற வீம்பு என்று அவள் நினைத்திருந்தாள். அது இல்லை என்று போன வாரம்தான் புரிந்தது. "தம்பி வந்தா இந்தக் கதவைத்தான் தட்டுவான். நாம இல்லாட்டி எங்க போவான்?" அவன் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். தஞ்சோங் கிளிங் தாண்டிக் கடல் தெரிந்தபோது சாந்தி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பெரியநாயகி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மூன்று நீள மேசைகள் போட்டிருந்தார்கள். நடு மேசையில் பாக்கியலட்சுமி ஏற்கெனவே இடம் பிடித்திருந்தாள்.

பாக்கியலட்சுமி வேறு யாருமில்லை, தம்புசாமியின் சொந்த அக்காள். மலாக்கா டவுனில் தையல் கடை வைத்திருக்கும் சிவசாமியின் மனைவி. கழுத்தில் புது டேப், காதில் புதுத் தோடு, கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற வாயில் புடவை. இந்த வேலை வந்தால் வீடும் வருமே, கடை மாடியில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விடலாமே என்பது அவள் திட்டம். தம்பி மனைவியும் இதே வேலைக்கு மனுப்போட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"வா பெரியநாயகி. பஸ்ஸுல வந்தியா? பாவம்லா" என்றாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள். "துணியெல்லாம் எங்க கடையில மிஞ்சினதுதானே. நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. பால் வெட்டுற கையும் துணி வெட்டுற கையும் ஒண்ணு இல்ல."

பெரியநாயகிக்குச் சுருக்கென்றது. "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கடைசி மேசைக்குப் போனாள். மனைவியின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த சிவசாமி, சுவர் ஓரமாக நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மனைவி திரும்பியதும் கூரையைப் பார்த்தார்.

முதல் மேசைக்காரி தஞ்சோங் கிளிங்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு டீச்சர்.

பத்து மணிக்கு மிஸ் சுசீலா வந்தார். மாதர் சங்கத்தின் தையல் மேற்பார்வையாளர். ஒல்லி, உயரம், வெள்ளைப் புடவை. கையில் இரண்டடி இரும்பு ஸ்கேல் ஒன்று. வணக்கம் சொன்ன கையோடு போர்வைகளை விரிக்கச் சொன்னார்.

டீச்சரின் போர்வை நீளத்தில் அரை அங்குலம் குறைந்தது. பாக்கியலட்சுமியின் போர்வை ஒரு பக்கம் ஆறடி, மறுபக்கம் ஆறடி ஓர் அங்குலம். துவைத்தால் சரியாகிவிடும் என்று அவள் சொன்னாள். ஒரு பக்கம் மட்டுமா துவைப்பீர்கள் என்று மிஸ் சுசீலா கேட்டார். பெரியநாயகியின் போர்வையில் நாலு பக்கமும் அளந்தார், நடுவில் அளந்தார், இன்னொரு தடவை அளந்தார். ஆறடி, நாலடி. நூல் பிசகவில்லை.

"இது எப்படி வந்ததுன்னு இப்பப் பார்த்துடலாம்" என்றார். மூன்று மேசையிலும் ஆளுக்கு ஒரு துணிக்கட்டு வைத்தார். ஆறரை அங்குலச் சதுரம் பன்னிரண்டு. ஒரு மணி நேரம்.

பாக்கியலட்சுமியின் கத்திரி உடனே ஆரம்பித்துவிட்டது. டவுனில் பெயர் வாங்கிய கை, சும்மா சொல்லக்கூடாது. டேப்பை வைத்து முதல் சதுரத்தை நறுக்கினாள். அதை மேலே வைத்துச் சாக்குக் கட்டியால் சுற்றிக் கோடு, நறுக்கு. அடுத்தது. அடுத்தது. பார்க்கப் பார்க்க நாலு ஆகிவிட்டது. டீச்சரும் டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளந்து வெட்டத் தொடங்கினாள்.

பெரியநாயகி துணியைத் தொடவே இல்லை. கை தகரத்தைத் தேடியது. தகரம் இருபது கல்லுக்கு அப்பால் போலீஸ் பெட்டிக்குள் கிடக்கிறது. டேப்பை வைத்து அளந்தால்? துணி நெகிழும், டேப் வழுக்கும், பன்னிரண்டு தடவை அளந்தால் பன்னிரண்டு விதமாக வரும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்தப் பக்கம் சாந்தி பெஞ்சு நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மரம் நிற்கிறது, தகரம் தொலைந்துவிட்டது, என்ன செய்வார் இவர்? பெரியநாயகி தம்புசாமியை நினைத்தாள். வெள்ளம் வந்த வருஷம் பை ஆற்றோடு போனபோது அவன் ஸ்டோருக்கு ஓடவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அன்றைக்கே புதுத் தகரம் செய்துகொண்டான். தகரம் போனால் தகரம் செய்ய வேண்டும். மரத்தைக் கண்ணால் அளக்கக் கூடாது.

துணிக்கட்டைத் தூக்கினாள். நடுவில் விறைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. துணியைச் சுற்றி வைத்திருந்த அட்டை.

"இந்த அட்டையை நான் எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டாள்.

மிஸ் சுசீலா புருவத்தைத் தூக்கினார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே அந்த இரும்பு ஸ்கேலையும் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டதும் அதையும் கொடுத்தார்.

"போர்வை வெட்டச் சொன்னா இவ பெட்டி செய்யுறா" என்றாள் பாக்கியலட்சுமி, யாரையும் பார்க்காமல். ஆறாவது சதுரம் முடிந்திருந்தது.

பெரியநாயகி பென்சிலைக் கூராகச் சீவினாள். அட்டையில் ஆறரைக்கு ஆறரை அளந்து சதுரம் கீறி வெட்டினாள். வெட்டியது சதுரம்தானா என்று அவள் நம்பவில்லை. புதுக் கன்று நடும் காட்டில் குழி எடுக்கக் கயிறு பிடிப்பார்கள், நாலு பக்கமும் சரியாக இருந்தாலும் மூலைக்கு மூலை பார்க்காமல் முளை அடிக்க மாட்டார்கள். ஒரு நூலை எடுத்து ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வைத்துப் பிடித்தாள். அதே நூலை மற்ற இரு மூலைக்கும் வைத்தாள். ஒரு மயிரிழை கூடியது. சதுரம் சாய்ந்திருக்கிறது. இன்னொரு அட்டைத் துண்டை எடுத்தாள், மறுபடியும் கீறினாள், வெட்டினாள், நூல் பிடித்தாள். இந்தத் தடவை இரண்டு மூலைக்கும் நூல் ஒன்றாக நின்றது.

இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. ஒரு துண்டுகூட வெட்டவில்லை. சாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு பெரியநாயகியைப் பிடிக்க முடியவில்லை. துணியின் ஓரத்தில் ஒற்றை இழையை உருவி எடுத்தாள், அது போன பாதைதான் நேர்கோடு. அதோடு அட்டையின் விளிம்பை ஒட்டினாள். இரண்டு மடிப்புக்கு மேல் போடவில்லை, மடிப்பு கூடினால் அடித்துணி நகரும். பென்சில் முனையை அட்டைக்கு அடியில் சாய்த்துக் கீறினாள். கத்திரி கோட்டின் உட்பக்கமாகப் போனது. கோடு கழிவோடு போக வேண்டும், துண்டோடு வரக் கூடாது. கூடச் சீவினால் மரத்துக்குக் காயம், குறையச் சீவினால் பால் வராது என்று பதினான்கு வருஷம் பட்டையைச் சீவிய கை அது. முதல் துண்டுக்கும் அட்டை, ஏழாவதுக்கும் அட்டை, பன்னிரண்டாவதுக்கும் அதே அட்டை.

மணி அடித்தபோது கத்திரியைக் கீழே வைத்தாள். முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

மிஸ் சுசீலா டீச்சரின் துண்டுகளைப் பார்த்தார். ஒன்பதுதான் முடிந்திருந்தது, அதிலும் ஒன்று பெரிது ஒன்று சிறிது. நடு மேசைக்கு வந்தார். பாக்கியலட்சுமி அரை மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டையும் அடுக்கி எடுத்து, ஓரத்தை மேசையில் தட்டி நிறுத்தினார். ஒரு மூலை சேர்ந்தது. எதிர்மூலை மாடிப்படியாக நின்றது. முதலாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்.

பாக்கியலட்சுமிக்கு முகம் கறுத்துவிட்டது. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? தையல் கடைப் பழக்கம் அது. ஒரு கையை வெட்டி, அதை வைத்து மறு கையை வெட்டுவார்கள். சட்டைக்குக் கை இரண்டுதான். பன்னிரண்டு கை உள்ள ஆள் யாரும் அவள் கடைக்குச் சட்டை தைக்க வந்ததில்லை.

கடைசி மேசை. மிஸ் சுசீலா அடுக்கினார், தட்டினார். நாலு பக்கமும் புதுச் சோப்புக் கட்டியாக நின்றது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். எந்த இடத்திலும் விரல் தட்டவில்லை. மேலே இருந்த துண்டையும் அடியில் இருந்த துண்டையும் உருவி ஸ்கேலில் வைத்தார். ஆறரை. ஆறரை.

"அட்டைக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தீங்க?"

"அது தப்பாப் போனா எல்லாம் தப்பாப் போயிடுங்க. துணியில தப்புனா ஒண்ணுதான் போகும்."

"நாளைக்கு இருபது பேர் உங்ககிட்டக் கத்துக்க வருவாங்க. இருபது பேர் வெட்டுன துண்டும் ஒரே போர்வையில சேரணும். சேருமா?"

"இருபது பேருக்கும் ஒரே தகரத்துல அளவு எடுத்துக் குடுத்தா சேருங்க."

மிஸ் சுசீலா முதல் தடவையாகச் சிரித்தார். இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். பெரியநாயகி அட்டையைக் கையில் எடுத்தாள். "எங்க வீட்டுக்காரர்கிட்டங்க. அவரு மரத்துக்குக் கோடு போடுறவரு" என்றாள்.

வேலை அவளுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். சாந்தி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெரியநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, எதைத் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பால் வெட்டுகிற கை. அந்தக் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மிஸ் சுசீலா ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். வீடு ஒதுக்குவதற்கு. குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதி, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் தினம் லூபோக் சீனாவிலிருந்து வந்து போக முடியாது, கதவு அடைக்கிற நேரத்துக்குள் திரும்ப முடியாது. பெரியநாயகியின் சிரிப்பு பாதியில் நின்றது. நாலு நாளாகப் பேசாதவரிடம் கையெழுத்து கேட்க வேண்டும்.

பாக்கியலட்சுமி மிஷினை மூடிவிட்டு மெதுவாகக் கடைசி மேசைக்கு வந்தாள். அடுக்கைப் பார்த்தாள். விரலால் தடவினாள். எங்காவது தட்டாதா என்று பார்த்தாளோ என்னவோ.

"அந்த அட்டை உனக்கு இனிமே வேணுமா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்குங்க அண்ணி" என்றாள் பெரியநாயகி. மூலைக்கு மூலை நூல் பிடிப்பது எப்படி என்றும் காட்டிக் கொடுத்தாள். அண்ணி 'தெரியும் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை காட்டச் சொன்னாள்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் சிவசாமி கூடவே வந்தார். மனைவி கண்ணுக்கு மறைந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"தங்கச்சி, இதைத் தம்புசாமிகிட்டக் குடு. உங்க அண்ணிகிட்ட நான் சொல்லல. சொன்னா சாயங்காலத்துக்குள்ள மலாக்கா பூரா தெரிஞ்சிடும்."

அது ஒரு சட்டைக்கான அளவுக் குறிப்பு. போன செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிடப் போயிருந்தபோது யாரோ ஒருவர் கடைக்கு வந்து சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அளவு எடுத்தவர் கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள். வந்தவர் சொன்ன பெயர் ராமையா, சட்டையை வாங்க வெள்ளிக்கிழமை வருவாராம். சிவசாமி துணி வெட்டும்போதுதான் குறிப்பைப் படித்தார். மார்பு முப்பத்தாறு. கழுத்து பதினாலரை. இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.

"எட்டு தீபாவளிக்கு இந்த அளவுக்குத்தான் நான் சட்டை தச்சேன். பேரை மாத்திக்கலாம் தங்கச்சி. தோளை மாத்திக்க முடியாது."

கோடு போட வருமுன் பால் வாளிக் காவடியை இடது தோளிலேயே சுமந்து சுமந்து ஒரு பக்கம் இறங்கிய மருதமுத்துவின் தோள் அது. பெரியநாயகி காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் புறப்பட்டு வெகுதூரம் வரைக்கும் அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஐந்தரைக்குத் தோட்டத்துக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவுக்கு உட்பக்கம் தம்புசாமி நின்றுகொண்டிருந்தான். கையில் தகரம். தூரத்திலேயே பெரியநாயகி அதைப் பார்த்துவிட்டாள்.

மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு வந்து, கிராணியைக் கூட அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே போய், சார்ஜனிடம் இது என் மனைவியின் அளவுத் தகரம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியிருக்கிறான். அதையெல்லாம் பின்னால் கிராணி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இப்போது அவன் சொன்னது இதுதான்:

"மூலை கூரா இருந்துச்சு. துணியைக் கிழிச்சிடும். அரத்தால ராவியிருக்கேன். பாரு."

நாலு நாளைக்குப் பிறகு கேட்ட குரல். பெரியநாயகி வாங்கிப் பார்த்தாள். நாலு மூலையும் வழுவழுவென்று இருந்தது. 'ம.மு.' என்ற எழுத்தை மட்டும் அரம் தொடவில்லை.

"அப்பா, அம்மாதான் முதல்" என்றாள் சாந்தி. "அப்பாகிட்டதான் கத்துக்கிட்டேன்னு அம்மா அங்க எல்லார் முன்னாடியும் சொன்னாங்க." தம்புசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். ஆனால் மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

லயத்து வீட்டுக்கு வந்ததும் பெரியநாயகி பாரத்தை அவன் முன் வைத்தாள். அவன் பார்த்தான், பேனாவைத் தொடவில்லை. முகத்தில் அந்தப் பழைய கேள்வி வந்து உட்கார்ந்தது. தம்பி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவான்?

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தைப் பாரத்தின் மேல் வைத்தாள். சிவசாமி அண்ணன் கொடுத்தார் என்று மட்டும் சொன்னாள்.

தம்புசாமி மெல்லப் படித்தான். மார்பு. கழுத்து. கடைசி வரியில் கண் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து படித்தான். ஒரு கை தானாகப் போய்த் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தது.

"சட்டை எப்ப வாங்க வர்றானாம்?"

"வெள்ளிக்கிழமை."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு பாரத்தை இழுத்து, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர்? அவன், பெரியநாயகி, சாந்தி.

தம்புசாமி அந்தக் கட்டத்தில் நாலு என்று எழுதினான்.